இரண்டரை என்றால் இரண்டரை

இதை எழுதாமலேயே போயிருப்பேன். வெள்ளிக்கிழமையோடு இந்த வேலையிலிருந்து நான் ஓய்வு பெறுகிறேன். இருபத்தொன்பது வயதில் ஓய்வா என்று சிரிக்காதீர்கள். மாநாட்டுக்காரர்களோடு எட்டு வருடம் பஸ்ஸில் நின்றுகொண்டே போனவனுக்கு முட்டி அறுபதைத் தாண்டிவிடும். "புதுசா வர்ற மூனு பேருக்கும் ஏதாவது எழுதி வச்சிட்டுப் போ" என்று மேடம் சொன்னார். தலையை ஆட்டினேன், மறந்துவிட்டேன். உங்கள் மூன்று பேரிடமும் சுற்றுலாத் துறை டிப்ளோமா இருக்கிறது. நான் நான்காம் படிவத்தோடு பள்ளிக்கூடத்துக்கு விடை கொடுத்தவன். நான் எழுதி நீங்கள் படிப்பதா என்று வெட்கமாகவும் இருந்தது.

ஆனால் போன சனிக்கிழமை உங்களில் ஒருவர் (யார் என்று சொல்ல மாட்டேன், மஞ்சள் சட்டை) பஸ்ஸில் மைக்கைப் பிடித்துக்கொண்டு, "நாங்க சொல்ற நேரம் எல்லாம் அரை மணி முன்னாடி, ஹி ஹி" என்று பயணிகளிடம் சிரித்ததை நான் பின் இருக்கையிலிருந்து கேட்டேன். இதே ஜோக்கை, இதே மைக்கில், இதே ஹி ஹியோடு நானும் ஒரு முறை அடித்திருக்கிறேன். அதனால் எழுதுகிறேன்.

முதலில் நம் வேலை என்ன என்று தெரிந்துகொள்ளுங்கள். ஜொகூர் பாருவுக்கு மாநாடு என்று நான்கு நாள் வருகிறார்கள். அவர்களை அந்த மாநாட்டிலிருந்து காப்பாற்றி வெளியே கூட்டிக்கொண்டு போவதுதான் நம் வேலை. குளிர்சாதன அறையில் மூன்றாவது கட்டுரை வாசிக்கப்படும்போது அவர்கள் முகத்தைப் போய்ப் பாருங்கள். பிறகு பஸ்ஸில் ஏறும்போது பாருங்கள். பள்ளிக்கூட மணி அடித்த மாதிரி இருக்கும். பெரிய பெரிய பட்டம் வாங்கியவர்கள், கழுத்தில் பெயர் அட்டையைத் தொங்கவிட்டுக்கொண்டு, "தம்பி, கடை எத்தனை மணிக்குச் சாத்துவாங்க?" என்று கேட்பார்கள்.

இவர்களிடம் உண்மை நேரத்தைச் சொல்லக் கூடாது என்பது மேடத்தின் முதல் பாடம். மேடம் சிலோன் குடும்பம், அரசாங்க அலுவலகத்தில் இருந்து ஓய்வு பெற்ற பிறகு இந்த நிறுவனத்தை ஆரம்பித்தவர். அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்து வானொலிக்காரர்கள் மணி சொல்லலாம். அப்படிப்பட்டவரே எனக்குப் பொய் நேரம் சொல்லிக் கொடுத்தார் என்றால் காரணம் தங்காக் என்ற ஊர்தான்.

நான் சேர்ந்த புதிதில் பல் டாக்டர்கள் மாநாடு ஒன்று. டாக்டர்கள் ஹோட்டலில் பல்லைப் பற்றிப் பேச, அவர்களுடைய மனைவிமார்களைத் தங்காக் துணிக்கடைகளுக்கு நான் கூட்டிப் போனேன். "பன்னெண்டு மணிக்கு பஸ் கிளம்பும்" என்றேன். பன்னிரண்டுக்கு பஸ்ஸில் நானும் டிரைவரும் ஒரு ஈயும் இருந்தோம். கடைசிப் பெண்மணி ஏறும்போது ஒன்று பத்து. ரவிக்கைத் துணி சேலையோடு ஒத்துப்போகவில்லையாம். ஹோட்டலில் நாற்பது டாக்டர்கள் குடும்பப் படம் எடுக்க வரிசையாக நின்று, பசியில் எல்லாப் பல்லும் தெரியக் காத்திருந்தார்கள்.

மறுநாள் மேடம் என்னைக் கூப்பிட்டார்.

"எத்தன மணிக்குக் கிளம்பணும்?"

"பன்னெண்டு மேடம்."

"எத்தன மணின்னு சொன்ன?"

"பன்னெண்டு மேடம்."

"அதான் தப்பு. பதினொன்னரைன்னு சொல்லணும்."

அன்றிலிருந்து நான் சொல்லும் நேரம் எல்லாம் அரை மணி முன்னால். யாரும் பஸ்ஸைத் தவறவிட்டதில்லை, சாப்பாடு ஆறியதில்லை. நல்ல வழிதான். நீங்களும் செய்யுங்கள். ஆனால் இதில் ஒரு ஓட்டை இருக்கிறது. அது மேடத்துக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. பாதுகாப்பு அதிகாரிகள் வந்துதான் காட்டிக் கொடுத்தார்கள்.

அது தொழிற்சாலைகளில் வேலை செய்யும் பாதுகாப்பு அதிகாரிகளின் மாநாடு. யார் எங்கே வழுக்கி விழுவார்கள், எந்தக் கயிறு எப்போது அறும் என்று பார்த்து எழுதுவதுதான் இவர்கள் பிழைப்பு. பஸ்ஸில் ஏறியதும் மற்றவர்கள் ஜன்னல் ஓரம் தேடுவார்கள். இவர்கள் தீயணைப்புக் குப்பியைத் தேடினார்கள். காலாவதித் தேதியைப் படித்தார்கள். அவசரக் கதவைத் திறந்து பார்த்தார்கள். பஸ் ஓட்டிய லோகா என் கூட்டாளி, ஒரே பிளாட்டில் வளர்ந்தவன். அவன் என் காதுக்குள், "டேய், இவங்க டூருக்கு வந்தாங்களா, என் காடிக்கு பரீட்ச வைக்க வந்தாங்களா?" என்றான்.

சங்கத் தலைவர் சுல்தானிடம் டத்தோ பட்டம் வாங்கியவர். நல்ல மனிதர், நல்ல தொப்பை, சட்டைப் பையில் எப்போதும் ஒரு சின்ன நோட்டு. அந்த நோட்டுதான் எனக்கு எமனாக வந்தது.

முதல் நாள் நகரம் சுற்றினோம். பஸ் நாலரைக்கு என்றேன், ஐந்துக்குக் கிளம்பியது. இரண்டாம் நாள் காலை கூலாய் பக்கம் ஒரு செம்பனைத் தோட்டம். பத்தரை என்றேன், பதினொன்றுக்குக் கிளம்பினோம். அன்று மாலை சாப்பாட்டுக் கடை. ஏழு என்றேன், ஏழரை. ஏழரைக்கு பஸ் உறுமியதும் டத்தோ எழுந்து நின்று நோட்டைத் திறந்தார்.

"தம்பி, ஒரு விசயம் கேக்கலாமா? சொன்ன நேரம், கிளம்பின நேரம் ரெண்டையும் எழுதி வச்சிருக்கேன். மூனு தடவையும் முப்பது நிமிசம் வித்தியாசம். ஒரு நிமிசம் கூடல, கொறையல. இது தற்செயலா நடக்காதே?"

பஸ் முழுவதும் என்னைப் பார்த்தது. நான் கையில் மைக் வைத்திருந்தேன். மைக்கும் நாற்பது ஜோடிக் கண்ணும் இருந்தால் எனக்கு வாய் நிற்காது. அதுதான் என் வியாதி.

"அலமாக்! மாட்டிக்கிட்டேன் டத்தோ!" என்றேன். "இனிமே நான் எத்தன மணி சொன்னாலும் அரை மணி கூட்டிக்குங்க. நான் சொல்றத நம்புனவங்க யாரும் நிம்மதியா ஒரு தே தாரேக் குடிச்சதா வரலாறே இல்ல!"

பஸ் அதிர்ந்தது. கைதட்டினார்கள். டத்தோ நோட்டில் எதையோ எழுதிக் கோடு போட்டார். லோகா கண்ணாடியில் என்னைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டான். எனக்கோ அந்தக் கைதட்டல் ரொட்டி சானாய்க்குச் சர்க்கரை தூவின மாதிரி இருந்தது.

மூன்றாம் நாள்தான் மெர்சிங்.

அந்தப் பயணம் எல்லோருக்கும் அல்ல. கமிட்டிக்காரர்களும் அந்த வருடம் விருது வாங்கப் போகிறவர்களுமாகப் பதினொரு பேர். என்னோடு பன்னிரண்டு. காலையில் மெர்சிங் போய், ஸ்பீட் போட்டில் அரை மணி தள்ளி இருக்கும் ஒரு தீவில் குளித்து, சாப்பிட்டு, மாலை ஹோட்டலுக்குத் திரும்பி, ஏழரைக்கு விருது விருந்து. கச்சிதமான திட்டம். ஆனால் மெர்சிங் படகுத்துறை ஆற்றுக்குள்ளே இருக்கிறது. ஆறு கடலில் சேரும் இடத்தில் மணல் திட்டு. கடல் வற்றினால் அங்கே படகின் அடி தட்டும். அதனால் அந்த ஊரில் படகு கிளம்பும் நேரத்தைக் கம்பெனி முடிவு பண்ணாது, மேடம் முடிவு பண்ண மாட்டார். கடல் முடிவு பண்ணும். படகுக்காரர் பாக் மான் முதல் நாளே போனில் சொல்லிவிட்டார்: தீவிலிருந்து இரண்டரைக்குக் கிளம்ப வேண்டும். அதைவிட்டால் சாயந்திரம் தண்ணீர் ஏறும்வரை காத்திருக்க வேண்டும்.

எனக்கும் அன்று ஒரு விஷயம் இருந்தது. ஐந்து வருடமாக நான் ஒப்பந்தத்தில்தான் வேலை பார்த்தேன். மேடத்தின் இழுப்பறையில் என்னை நிரந்தரமாக்கும் கடிதம் தட்டச்சு செய்து தயாராக இருந்தது. கையெழுத்து மட்டும்தான் பாக்கி. "டத்தோ உன்னப் பத்தி நல்லபடியா ஒரு வார்த்த சொல்லட்டும், மறுநாளே போடுறேன்" என்று மேடம் சொல்லியிருந்தார். நிரந்தரம் என்றால் மருத்துவச் சலுகை, வருட விடுமுறை, அம்மாவிடம் திட்டு வாங்காமல் சோறு. அதனால் அன்று காலையிலிருந்து டத்தோவின் பை, டத்தோவின் தொப்பி, டத்தோவின் துண்டு எல்லாம் என் தோளில்தான்.

பஸ்ஸில் முன் இருக்கையில் ஜெசிந்தா அக்கா உட்கார்ந்திருந்தார். செனாய் பக்கம் ஒரு தொழிற்சாலையில் பாதுகாப்பு அதிகாரி. அந்த வருடத்தின் சிறந்த அதிகாரி விருது அவருக்குத்தான். வழியெல்லாம் போன் அடித்துக்கொண்டே இருந்தது.

"யாருக்கா, மாமாவா?" என்று கிண்டல் பண்ணினேன்.

"எங்கப்பாடா. மூனு நாளா பாத்தேக் சட்டைய அயன் பண்ணிக்கிட்டே இருக்காரு. இன்னும் ஒரு தடவ பண்ணா துணி கருகிரும். ஒரு வேன் புடிச்சி சொந்தக்காரங்க பதினஞ்சு பேர ஏத்திக்கிட்டு வர்றாராம்."

"பதினஞ்சு பேருக்கும் சாப்பாட்டு டிக்கெட் இருக்கா?"

"மூனு பேருக்குத்தான் இருக்கு. மத்தவங்க கதவுகிட்ட நின்னு பாப்பாங்களாம். மில்லுல மெசின் கைய இழுத்ததுல அப்பாவுக்கு ரெண்டு வெரல் போச்சி. அதுக்கப்பறம்தான் நான் இந்தப் படிப்புக்கே போனேன். இன்னிக்கு நான் மேடை ஏறாட்டி, அவரு ஏறிருவாரு." சொல்லிவிட்டுச் சிரித்தார்.

படகில் ஏறும்போது வழக்கமான பரீட்சை நடந்தது. டத்தோ மிதவை அங்கிகளை மூன்று முறை எண்ணினார். படகின் பக்கத்தில் ஒட்டியிருந்த அட்டையை உரக்கப் படித்தார்: "பன்னிரண்டு பயணிகள். சரி." நோட்டில் எழுதினார். பாக் மான் வெற்றிலை எதுவும் போடாமலே துப்புகிற மாதிரி முகத்தை வைத்துக்கொண்டார்.

தீவில் இறங்கியதும் நான் தொண்டையைச் செருமினேன்.

"எல்லாரும் கேளுங்க. படகு ரெண்டரைக்குக் கிளம்பும். ரெண்டரை."

எல்லோரும் சிரித்தார்கள்.

"இல்ல, இன்னிக்கு உண்மையான நேரம். தண்ணி வத்திரும். சத்தியமா ரெண்டரை."

இன்னும் பலமாகச் சிரித்தார்கள். கமிட்டிச் செயலாளர் என் தோளைத் தட்டி, "நல்லா நடிக்கிறான்யா" என்றார். டத்தோ நோட்டை எடுத்து எழுதிக்கொண்டே வாய்விட்டுச் சொன்னார்: "சொன்ன நேரம் ரெண்டரை. அப்ப கிளம்புற நேரம் மூனு."

"டத்தோ, அம்மா மேல ஆணையா!"

"அம்மாவ எல்லாம் இழுக்காதீங்க தம்பி, பாவம்."

சத்தியம் பண்ணப் பண்ண ஜோக் பெரிதாகிக்கொண்டே போனது. முந்தின நாள் மைக்கில் நானே கட்டி எழுப்பிய சிரிப்பு அது. என் கையாலேயே அதை இடிக்க முடியவில்லை.

இரண்டு மணிக்கெல்லாம் எனக்கு வியர்த்தது. இரண்டு இருபதுக்குக் கரையில் ஐந்து பேர்தான் இருந்தார்கள். ஜெசிந்தா அக்கா, இரண்டு சீனக் கூட்டாளிகள், கோத்தா திங்கியிலிருந்து வந்த ஒரு மலாய்க்கார அக்கா, யாரோடும் பேசாத ஒரு இஞ்சினியர். டத்தோவும் கமிட்டிக்காரர்கள் ஐந்து பேரும் குன்றுக்கு அந்தப் பக்கக் கடற்கரையில். குன்றைத் தாண்டி ஓடினேன். டத்தோ நெஞ்சளவு தண்ணீரில் மீனுக்கு ரொட்டி போட்டுக்கொண்டிருந்தார்.

"டத்தோ! படகு! வாங்க!"

அவர் கடிகாரம் கட்டிய கையைத் தூக்கிக் காட்டினார். "இன்னும் நாப்பது நிமிசம் இருக்கு தம்பி! நீங்களும் எறங்குங்க, தண்ணி ஜோரா இருக்கு!"

"இல்ல டத்தோ, நெசமாவே..."

செயலாளர் என் மீது தண்ணீரை வாரி அடித்தார். எல்லோரும் "ஓஓ" என்றார்கள். அவர்களைக் குற்றம் சொல்ல முடியாது. கையில் மூன்று தடவை சரிபார்த்த ஆதாரம் வைத்திருந்தார்கள்.

திரும்பி ஓடினேன். மேடத்துக்கு அடித்தேன். எடுக்கவில்லை, மாநாட்டு அரங்கில் போனை அமைதியாக வைத்திருப்பார். இரண்டரைக்கு பாக் மான் படகில் ஏறி உட்கார்ந்தார். இரண்டு நாற்பதுக்கு இயந்திரத்தைத் தட்டிப் பார்த்தார். அப்புறம் கடலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடி கடலைப் பார்த்தார். ஐந்து பேரும் அங்கியை மாட்டி உட்கார்ந்தாயிற்று.

"அக்கா, நீங்க ஒருத்தராச்சும் என்ன நம்பினீங்களே" என்றேன் ஜெசிந்தா அக்காவிடம். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

"யாரு ஒன்ன நம்புனா? நீ சொல்றதுல அரை மணி பொய்னு எனக்கும் தெரியும். ஆனா எங்கப்பா ஆறு மணிக்கே வந்து கதவுகிட்ட ஒக்காந்துருவாரு. எனக்கு எதுக்கு வம்பு."

கண் கலங்கியது நின்றுவிட்டது.

இரண்டு ஐம்பத்து மூன்றுக்கு டத்தோ குழு குன்றிலிருந்து இறங்கியது. கையில் இளநீர். நிதானமான நடை. "பாத்தீங்களா, ஏழு நிமிசம் முன்னாடியே வந்துட்டோம்" என்றார் டத்தோ.

பாக் மான் கையை நீட்டித் தடுத்தார்.

"தா போலே. லீமா ஒராங் சஜா."

முடியாது, ஐந்து பேர் மட்டும். அவர் எனக்கு விளக்கினார்: முழு ஆளோடு போவதென்றால் அரை மணிக்கு முன்னால் போயிருக்க வேண்டும். இப்போது போனால் மணல் திட்டில் தண்ணீர் முழங்கால் அளவுதான். படகு லேசாக இருந்தால் உரசிக்கொண்டு தாண்டும். கனமாக இருந்தால் தட்டி நிற்கும். நின்ற படகின் பின்னால் அலை ஏறும். ஐந்து பேர் என்றால் இந்த நிமிடம் போகலாம். யார் அந்த ஐந்து பேர் என்பது உன் பாடு.

டத்தோ சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்தினார்.

"தம்பி, நான் முப்பது வருசமா இந்தத் தொழில்ல இருக்கேன். இந்தப் போட்டுக்குப் பன்னெண்டு பேர். அட்டையிலயே எழுதியிருக்கு. காலையில நானே படிச்சேன்."

"அந்த அட்ட கடலப் பாக்கல டத்தோ. பாக் மான் பாக்குறாரு."

"சரி, அஞ்சு பேர்தான்னா அஞ்சு பேர். நான், செயலாளர், கமிட்டில மூனு பேர். மேடையில ஒக்கார வேண்டியவங்க நாங்க. இவங்க அடுத்த நடைக்கு வரட்டும்." ஜெசிந்தா அக்கா பக்கம் திரும்பினார். குரலில் மரியாதைதான், குறை சொல்ல முடியாது. "அம்மா, யோசிச்சுப் பாருங்க. விருது குடுக்குறவன் நான். நான் இல்லாம நீங்க போயி யாருகிட்ட வாங்குவீங்க?"

கேட்பதற்கு நியாயமாகத்தான் இருந்தது. அதுதான் சங்கடம். இந்த வேலையில் முட்டாள்தனமாகப் பேசுகிறவர்களைச் சமாளிப்பது சுலபம். நியாயமாகப் பேசுகிறவர்கள்தான் நம்மைக் கவிழ்ப்பார்கள்.

பெரியவர் சொன்னால் எழுந்து இடம் விடுகிற பழக்கம் நம் ஆட்களுக்கு எலும்பில் இருக்கிறது. ஜெசிந்தா அக்கா அங்கியைக் கழற்றக் கிளிப்பை அழுத்தினார். டிக் என்று சத்தம் கேட்டது.

எனக்கு அந்த நேரத்தில் இரண்டு விஷயம் தெரிந்தது. ஒன்று, மேடத்தின் இழுப்பறையில் இருக்கும் கடிதம். கையெழுத்துப் போடும் இடத்தில் பென்சிலால் சின்னதாக ஒரு பெருக்கல் குறி கூடப் போட்டு வைத்திருந்தார். இன்னொன்று, ஹோட்டல் கதவு பக்கத்தில் நிற்கப்போகும் ஒரு வேன் நிறைய ஆட்கள். ரொம்ப யோசித்தேன் என்று சொன்னால் பொய். அந்த டிக் சத்தம்தான் என்னைக் கிளப்பியது. நேரத்துக்கு வந்து உட்கார்ந்தவரை, நேரத்துக்கு வராதவருக்காக எழுப்பினால், நாளைக்கு நான் யாரிடம் என்ன நேரம் சொல்வது?

"அக்கா, கிளிப்ப மாட்டுங்க."

"இல்லடா தம்பி, பரவால்ல..."

"மாட்டுங்கக்கா!"

சட்டையோடு தண்ணீரில் இறங்கிப் படகைத் தள்ளினேன். என் கைப்பேசி, பர்ஸ், டத்தோவின் துண்டு எல்லாம் நனைந்தது. பாக் மான் இயந்திரத்தை முடுக்கினார். அவர் முகத்தில் அன்றைக்கு முதல் முறையாக ஏதோ ஒரு திருப்தி.

கரையேறினால் டத்தோ நோட்டைத் திறந்து வைத்திருந்தார்.

"உங்க முழுப் பேரு?"

"சசிகுமார் டத்தோ."

"எழுதிக்கிறேன்."

"நேரத்தையும் எழுதிக்குங்க டத்தோ. ரெண்டு அம்பத்தெட்டு." வாய் சும்மா இருக்காது என்று சொன்னேனே.

அடுத்த ஐந்து மணி நேரம் அந்தத் தீவில் நான் பட்ட பாட்டை எழுதினால் இந்தக் காகிதம் ஈரமாகும். ஆறு பேரும் என்னோடு பேசவில்லை. செயலாளர் மட்டும் போகும்போதும் வரும்போதும் "ச்சே" என்றார். நான் தீவுக் கடையில் மீ கோரேங் சொல்லி ஒவ்வொருவர் முன்னாலும் வைத்தேன். கைப்பேசி அணைந்துவிட்டதால் கடைக்காரரின் போனை வாங்கி மேடத்துக்குத் தகவல் சொன்னேன். மேடம் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "எல்லாரும் பத்திரமா?" ஆமாம் என்றதும் வைத்துவிட்டார். டத்தோ பழக்க தோஷத்தில் கடையின் தீயணைப்புக் குப்பியை எடுத்துத் தேதி பார்த்தார். காலாவதியாகி இருந்தது. நோட்டை எடுத்தார், என்னைப் பார்த்தார், மறுபடி பையில் போட்டுக்கொண்டார்.

மேடத்திடம் எண் வாங்கி லோகா அந்தக் கடைப் போனுக்கே கூப்பிட்டான். ஐந்து பேரையும் பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு பாதி வழியில் எண்ணெய் நிரப்ப நின்றிருந்தான்.

"டேய், அஞ்சு பேருக்கே படகு அடி தட்டிருச்சாம். சர்ருன்னு சத்தம் கேட்டுச்சாம். அந்த மலாய்க்கார அக்கா இன்னும் ஓதிக்கிட்டே வர்றாங்க."

போன் ஒலிபெருக்கியில் இருந்தது. நான் வேண்டுமென்றே போடவில்லை. சரி, வேண்டுமென்றேதான் போட்டேன். டத்தோவுக்குக் கேட்டது. அவர் இளநீர் மட்டையை ரொம்ப நேரம் கையில் திருப்பிக்கொண்டே இருந்தார்.

விருந்தில் நடந்ததை லோகா பிறகு சொன்னான். அவனும் கதவு பக்கத்தில் வேன் கூட்டத்தோடு நின்று பார்த்தானாம். நிகழ்ச்சி நடத்துபவர் ஜெசிந்தா அக்கா பெயரைச் சொல்லிவிட்டார். விருதைக் கொடுக்க மேடையில் ஆள் இல்லை. மேடம் அக்காவிடம் போய், "யாரு குடுக்கணும்னு நீயே சொல்லும்மா" என்றாராம். அக்கா அப்பாவைக் கைகாட்டினார். அவர் பாத்தேக் சட்டையில் மேடை ஏறினார். கேடயத்தை மூன்று விரல் கையால் வாங்கினார். மகளுக்குக் கை கொடுத்தார். படம் எடுத்தார்கள். கேடயத்தைக் கொடுக்காமல் தானே கக்கத்தில் வைத்துக்கொண்டு இறங்கிப் போய் மேசையில் உட்கார்ந்துவிட்டார். அரங்கமே கைதட்டியது. கடைசி வரை திருப்பிக் கொடுக்கவில்லையாம். அக்கா வெறுங்கையோடு நின்று சிரித்துக்கொண்டிருந்தார்.

தண்ணீர் ஏறியதும் பாக் மான் வந்து எங்களை ஏற்றிப் போக, மெர்சிங்கில் வாடகை வேன் பிடித்து நாங்கள் ஹோட்டலுக்குப் போய்ச் சேர்ந்தபோது நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தார்கள்.

இனி நீங்கள் எதிர்பார்ப்பது எனக்குத் தெரியும். டத்தோ மனம் மாறி என்னைப் பாராட்டிக் கடிதம் எழுதினார் என்று சொல்வேன் என்று நினைக்கிறீர்கள். கடிதம் எழுதினார். இரண்டு பக்கம். நான் சொன்ன நேரம், கிளம்பிய நேரம் எல்லாம் அட்டவணை போட்டு, "இவரது நேர அறிவிப்பு நம்பத்தகுந்ததல்ல" என்று முடித்திருந்தார். அதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. கடைசிப் பத்தியில் மட்டும் ஒரு வரி: படகை அனுப்பியது சரியான முடிவு. அதற்குக் கீழே கோடு போட்டிருந்தார். அடுத்த வருடம் அந்தச் சங்கம் வேறு நிறுவனத்தோடு போனது.

மேடம் இழுப்பறையைத் திறக்கவில்லை. "படகு அனுப்புனது சரி. மைக்ல ஒளறுனது?" என்று கேட்டார். நிரந்தர இடத்துக்கு வேறு ஒருவர் வந்தார். நான் ஒப்பந்தத்திலேயே இன்னும் மூன்று வருடம் ஓட்டினேன். நான் வருத்தப்படவில்லை என்று எழுத ஆசை. வருத்தப்பட்டேன். அம்மா அதைவிட.

ஆக, மஞ்சள் சட்டையே, உனக்கும் மற்ற இரண்டு பேருக்கும் நான் சொல்வது இதுதான். பொய் நேரம் சொல்லுங்கள், தப்பில்லை. தங்காக் போனால் முக்கால் மணி கூடச் சொல்லலாம். ஆனால் முதல் நாள் மைக்கைத் தொடும் முன், அந்தப் பயணத்தில் எங்காவது கடல் இருக்கிறதா, பாலம் இருக்கிறதா, யாருக்காகவும் காத்திருக்காத ஒன்று இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் முதல் நாளிலிருந்தே உண்மை நேரம்தான். பஸ்ஸில் தனியாக நாலு பேரோடு ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தாலும் பரவாயில்லை. மூன்றாம் நாள் உங்கள் வார்த்தை செல்லுபடியாக வேண்டும். அப்புறம், நேரத்துக்கு வந்து உட்கார்ந்தவரை எழுப்பாதீர்கள். எவ்வளவு பெரிய ஆள் நின்றுகொண்டிருந்தாலும் சரி. கைதட்டல் வரும்போது மைக்கைக் கீழே வையுங்கள். இது கடைசி. எனக்கே இன்னும் வராதது.

திங்கட்கிழமையிலிருந்து எனக்குச் சிங்கப்பூரில் ஒரு கிடங்கில் வேலை. லோகா போன வருடமே அங்கே தொழிற்சாலை பஸ் ஓட்டப் போய்விட்டான். தினமும் மோட்டோரில் பாலம் தாண்டுகிறான். பின்னால் நான் உட்கார்ந்துகொள்வதாக ஏற்பாடு. பாலத்து நெரிசலைப் பற்றி ஜொகூர்க்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. நாலரைக்குக் கிளம்பினால் ஒரு தே தாரேக் குடித்துவிட்டு வேலைக்குப் போகலாம். ஐந்துக்குக் கிளம்பினால் வேலைக்கே போக வேண்டாம்.

தப்பு இருந்தால் சொல்லட்டும் என்று இவ்வளவையும் அவனுக்குத்தான் முதலில் அனுப்பினேன். கீழே இப்படியும் எழுதினேன்: "திங்கள் காலையில நாலரைக்கு பிளாட்டுக்குக் கீழ வந்துரு. மொத நாளு மச்சான். நாலரைன்னா நாலரைதான்."

பதில் வந்தது:

"முழுக்கப் படிச்சிட்டேன்லா, சூப்பர், அஞ்சுக்குக் கரெக்டா வந்துர்றேன்."